தோட்டத்துக்கு வரும் யோசனைகள்: எதை ஏற்பது, எதைத் தள்ளுவது?

கம்பம் பள்ளத்தாக்கில் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. வாழையில் ஓர் இலை மஞ்சளாகிவிட்டால் போதும். அடுத்த தோட்டக்காரர் ஒன்று சொல்வார், டீக்கடையில் ஒன்று கிடைக்கும், மருந்துக்கடையில் ஒன்று, இப்போது கைபேசியில் வரும் படத்தில் இன்னொன்று. எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லும்போது, பணம் போடுகிறவர் ஒருவரே. தவறினால் ஒரு பருவமும் கைமுதலும் போவதும் அவருக்கே. எனவே உரம், மருந்து வாங்குவதில் காட்டும் அக்கறையை, யோசனை வாங்குவதிலும் சிறு விவசாயிகள் காட்டுதல் வேண்டும்.

யோசனையை எடை போடுவதற்குப் படிப்பு தேவையில்லை. சில கேள்விகளைக் கேட்கும் பழக்கம் இருந்தால் போதும். அக்கேள்விகள் எவை என்பதை இம்மாவட்டத்துப் பயிர்களைக் கொண்டே பார்க்கலாம்.

பொய்யாகிப் போன ஓர் உண்மை

"ஜி-9 போடுங்க, அதுக்கு வாடல் வராது." தேனி மாவட்டத்தில் பல ஆண்டுகள் எல்லோரும் சொல்லி வந்த சொல் இது. ஆதாரமற்ற பேச்சும் அல்ல. வாடல் நோய் மண்ணில் வாழும் ஒரு பூசணத்தால் வருவது. அதில் பல இனங்கள் உண்டு. முதலாம் இனம் ரஸ்தாளியை எளிதில் தாக்கும். மத்திய அமெரிக்காவில் பயிரிடப்பட்ட கிராஸ் மிச்செல் என்னும் வாழையையும் அதுதான் அழித்தது. அதற்கு மாற்றாக 1950, 1960களில் அங்கு கேவண்டிஷ் வகை வாழைகள் நடப்பட்டன, அவை தாக்குப்பிடித்தன. ரொபஸ்டா, ஜி-9 ஆகியவை அந்தக் கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே, 'ஜி-9க்கு வாடல் வராது' என்பது புத்தகத்திலும் இருந்தது, வயலிலும் உண்மையாக இருந்தது.

ஆனால் தேனி மாவட்டத் தோட்டங்களிலேயே ஜி-9 வாழை வாடத் தொடங்கியது. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து, முதலாம் இனப் பூசணத்தின் வீரியம் மிக்க ஒரு பிரிவு கேவண்டிஷ் வாழையையும் தாக்குவதாக 2010இல் வெளியிட்டனர். இந்தியாவில் அவ்வாறு வெளியான முதல் அறிக்கை அதுவே. பின்னர், கேவண்டிஷ் வாழையைத் தாக்குவதில் உலகெங்கும் பெயர் பெற்ற 'வெப்பமண்டல நான்காம் இனம்' பீகார் மாநிலம் கடிஹார் மாவட்டத்தில் 2015இல் காணப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'வராது' என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நேற்றைய உண்மையை இன்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்லவர் சொன்னார், நாலு பேர் சொன்னார்கள் என்பது மட்டும் ஒரு யோசனையை நம்புவதற்குப் போதுமான காரணம் ஆகாது. எந்தச் சொல்லையும் கீழ்க்கண்ட கேள்விகளில் இட்டுப் பார்த்தல் நலம்.

முதல் கேள்வி: பயிருக்கு வந்தது என்ன?

கூடலூர்ப் பக்கம் ஒரு வாழைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். அடியிலைகள் மஞ்சளாகின்றன. தோட்டக்காரர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்கிறார்.

"அண்ணே, வாழை பூராவும் மஞ்சளடிக்குது. என்ன ஊத்தலாம்?"

"எனக்கும் போன வருசம் இப்படித்தான்யா இருந்துச்சு. பொட்டாஷ் வச்சேன், தெளிஞ்சிருச்சு. நீயும் வையி."

பெரியவர் சொன்னது அவர் தோட்டத்துக்குச் சரி. ஆனால் 'மஞ்சள்' என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மரத்தை வெட்டிப் பார்க்காமல் வேறுபாடு தெரியாது.

சாம்பல் சத்துக் குறைவு என்றால் முதிர்ந்த இலைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி நுனியிலிருந்து காயும். தண்டை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருக்கும்.

வாடல் நோய் என்றால் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். குருத்து மட்டும் நிமிர்ந்து நிற்கும். தண்டின் அடிப்பாகம் நெடுக வெடிப்பதும் உண்டு. தண்டைக் குறுக்கே வெட்டினால் பட்டைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் வளையம் வளையமாகத் தெரியும். கிழங்கிலும் அதே நிறக் கோடுகள் ஓடும்.

கிழங்கு அழுகல் என்றால் கிழங்கு குழைந்து, துர்நாற்றம் வீசும். மரத்தைப் பிடித்து இழுத்தால் கிழங்கை விட்டுக் கையோடு வரும்.

கூன்வண்டு என்றால் கிழங்கில் துளைகளும், துளைக்குள் வெள்ளைப் புழுவும் இருக்கும்.

இந்நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. வாடல் வந்த மரத்துக்குப் பொட்டாஷ் வைத்தால் பணம் மட்டும் வீணாவதில்லை, நாளும் வீணாகிறது. அதற்குள் நோய் பாசன நீரோடு அடுத்த வரிசைக்குப் போய்விடும். ஆகவே 'என்ன ஊற்றலாம்' என்று கேட்கும் முன் 'என்ன வந்திருக்கிறது' என்று கேட்க வேண்டும். மஞ்சளான ஒரு மரத்தை வெட்டிப் பார்க்காமல், கிழங்கை நோண்டிப் பார்க்காமல் மருந்து சொல்பவர் எவராயினும், அவர் ஊகத்தையே சொல்கிறார். வெட்டிய அரிவாளை மண் போகக் கழுவி, தீயில் வாட்டிய பிறகே அடுத்த மரத்தைத் தொட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாம் கேள்வி: கண்டதா, கேட்டதா?

"இதை ஊற்றினால் வாடல் நின்றுவிடும்" என்று ஒருவர் சொன்னால், "உங்கள் தோட்டத்தில் ஊற்றினீர்களா? எத்தனை மரத்துக்கு? எத்தனை மாதம் ஆயிற்று? தார் வெட்டினீர்களா?" என்று கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. உண்மையில் செய்து பார்த்தவர் மகிழ்ச்சியோடு விவரம் சொல்வார். "சின்னமனூரில் ஒருவர் செய்தாராம்" என்று பதில் வந்தால், அது கேள்விப்பட்டது. கேள்விப்பட்டது கைமாறும்போது அளவு மாறும், பயிர் மாறும், பருவம் மாறும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு முறையைச் செய்து ஜெயித்தவர் நாலு பேரிடம் சொல்கிறார். அதையே செய்து தோற்றவர் வாயைத் திறப்பதில்லை. எனவே காதில் விழுவன எல்லாம் வெற்றிக் கதைகளாகவே இருக்கும். பத்துப் பேர் ஜெயித்த கதையைக் கேட்கும்போது, தோற்றவர்கள் எத்தனை பேர் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தால் அவர்களில் ஒருவரையாவது தேடிப் பிடித்து விசாரிக்கலாம்.

மூன்றாம் கேள்வி: எந்த ஊர், எந்த ரகம், எந்தப் பருவம்?

திராட்சையை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து. ஆண்டுக்கு ஓர் அறுவடை. அங்கு பெரும்பாலும் விதையில்லாத ரகங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பெருமை பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ரகம் விதையுள்ளது. இங்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும்.

விதையில்லாத ரகங்களில் பழம் பருக்க ஜிப்ரலிக் அமிலத்தில் குலையை நனைக்கிறார்கள். அதன் காரணம் எளிது. பழத்தைப் பருக்க வைக்கும் அவ்வூக்கியை விதையே சுரக்கிறது. விதை இல்லாத பழத்துக்கு அதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். விதையுள்ள பன்னீருக்கு அதே அளவைக் கொடுத்து அதே பலனை எதிர்பார்ப்பதற்கில்லை. நாசிக்கில் ஒருவர் சொன்ன அளவு அவருக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் ராயப்பன்பட்டிக் கொடிக்கு அது எழுதப்படவில்லை.

ஒரே பள்ளத்தாக்குக்குள்ளும் வேறுபாடு உண்டு. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்து நெல் வயலை ஒட்டிய ஈர மண் வேறு. மேட்டில் கிணற்றுப் பாசனத்தில் இருக்கும் செம்மண் வேறு. சாரல் காலம் வேறு, கோடை வேறு. யோசனை சொல்பவரின் மண்ணும் நீரும் பருவமும் தன்னுடையதை ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: எவ்வளவு, எதற்கு?

"டேங்குக்கு ரெண்டு மூடி" என்பது அளவு அல்ல. டேங்க் பத்து லிட்டரா, பதினாறு லிட்டரா? மூடி எந்தப் பாட்டிலின் மூடி? மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வீரியம் ஒன்றாக இருக்காது. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து நூற்றுக்கு 17.8 பங்கு வீரியத்தில் திரவமாகவும், நூற்றுக்கு 70 பங்கு வீரியத்தில் குருணையாகவும் விற்கப்படுகிறது. திரவத்துக்குச் சொன்ன அளவைக் குருணையில் போட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு மருந்து போய்விடும்.

சரியான யோசனையில் நான்கு விவரங்கள் இருக்கும்: மருந்தின் பெயரும் வீரியமும், ஒரு லிட்டர் நீருக்கு அல்லது ஒரு ஏக்கருக்கு எவ்வளவு என்பது, பயிரின் எந்த வயதில் என்பது, தெளித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் யோசனை அரைகுறையே. டப்பாவோடு தரப்படும் விவரச்சீட்டில் பயிரின் பெயரும் பூச்சியின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். தன் பயிரின் பெயர் அதில் இல்லை என்றால், அம்மருந்தை வாங்காதிருப்பதே முறை.

ஐந்தாம் கேள்வி: தெளிக்காத வரிசை எங்கே?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. மருந்து தெளித்த நான்காம் நாள் மழை பெய்கிறது. பயிர் பச்சை கட்டுகிறது. பச்சை கட்ட வைத்தது மருந்தா, மழையா? தோட்டம் முழுவதும் தெளித்துவிட்டவருக்கு அது தெரிய வழியே இல்லை. இரண்டு வரிசையைத் தெளிக்காமல் விட்டவருக்குத் தெரியும்.

திராட்சை விவசாயிகள் எல்லோரும் அறிந்த போர்டோக் கலவை பிறந்த கதையே இதற்குச் சான்று. அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய், 1878 முதல் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை அழித்துவந்தது. போர்டோ பகுதி விவசாயிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாதையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்துவைப்பார்கள். நீலம் படிந்த இலையைப் பார்த்தால் பழத்தைத் தொடப் பயம் வருமல்லவா? 1882இல் அவ்வழியே சென்ற மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். பாதையோரக் கொடிகளில் இலை நிற்கிறது. உள்ளே உள்ள கொடிகளில் இலை உதிர்ந்துவிட்டது.

பாதையோரம் முழுவதும் அடித்து உள்ளேயும் அடித்திருந்தால் அந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. தெளிக்காத கொடி பக்கத்தில் நின்றதால்தான் தெரிந்தது. அவரும் பார்த்தவுடன் ஊருக்குச் சொல்லிவிடவில்லை. கலவையின் அளவை மாற்றி மாற்றிச் சோதித்து, 1885இல்தான் முடிவை வெளியிட்டார். விவசாயிகளின் வழக்கம்தான் விஞ்ஞானியின் கண்ணைத் திறந்தது. ஒப்பிட்டுப் பார்த்ததுதான் அந்த வழக்கத்தை மருந்தாக்கியது.

அக்கலவை இன்றும் பயன்படுகிறது. ஒரு சத வீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ நீற்றிய சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். கலவை சரியா என்று பார்க்கத் தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் நனைத்தால் போதும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. இன்னும் சேர்க்க வேண்டும். படியாவிட்டால் தெளிக்கலாம். கலந்த அன்றே பயன்படுத்திவிடுதல் வேண்டும். யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், கத்தி பதில் சொல்லிவிடும். நல்ல யோசனை இப்படித்தான் இருக்கும்: சரிபார்க்கும் வழியும் அதனுடனேயே வரும்.

ஆறாம் கேள்வி: தவறினால் என்ன போகும்?

சொல்பவருக்கு விற்பனை லாபம் இருக்கிறதா என்று பார்ப்பது தவறல்ல. கடைக்காரர் சொல்வதெல்லாம் பொய் என்று ஆகாது. பல ஊர்களில் முதலில் கிடைக்கும் உதவி அவரே. ஆனால் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீது தர மறுக்கும் இடத்தில் மருந்தும் வேண்டாம், யோசனையும் வேண்டாம்.

செலவை மொத்தமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். "கன்றுக்கு இருபது ரூபாய்தானே" என்பது சிறிதாகக் கேட்கும். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்றுகள். இருபது ரூபாய் வீதம் 24,200 ரூபாய். இந்தத் தொகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதே யோசனையை இன்னொரு முறை கேட்டால், அது வேறு விதமாகக் கேட்கும்.

திரும்பப் பெற முடியாத தவறு எது என்பதையும் பார்க்க வேண்டும். தேவையற்ற சத்து உரம் போட்டால் நஷ்டம் அந்த ஆண்டோடு முடியும். வாடல் வந்த தோட்டத்துப் பக்கக் கன்றை, 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்ற பேச்சை நம்பி நட்டால், அந்த நிலத்துக்குள் பூசணம் புகுந்து பல்லாண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வாடிய மரத்தை வெட்டி வாய்க்காலில் தள்ளினால், கீழ்மடைக்காரர் அத்தனை பேருக்கும் நோய் போகும். அத்தகைய மரத்தைத் தோட்டத்துக்குள் இழுத்துச் செல்லாமல் அங்கேயே அழித்து, குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். திசு வளர்ப்புக் கன்று நோயின்றி வரும் என்பது உண்மை. நோயுள்ள மண்ணில் நட்டால் அதற்கும் நோய் வரும் என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்பவரிடம் இரண்டாம் பாதியைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஏழாம் கேள்வி: எப்போது சொன்னது?

அரசும் பல்கலைக்கழகமும் சொன்னவையும் காலத்துக்குக் கட்டுப்பட்டவையே. ஒரு காலத்தில் பல பயிர்களுக்குச் சிபாரிசு செய்யப்பட்ட எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. போரேட் குருணை, டைகுளோர்வாஸ் ஆகியவை 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. அட்டத்தில் கிடக்கும் பழைய புத்தகத்திலும், பெரியவர்களின் நினைவிலும் அவை இன்னும் இருக்கும். ஆகவே எந்தச் சிபாரிசுக்கும் ஆண்டு என்ன என்று கேட்டல் வேண்டும்.

சொந்த நிலத்தில் சோதித்துப் பார்க்க

ஏழு கேள்விகளுக்கும் ஓரளவு பதில் கிடைத்தாலும், முழுத் தோட்டத்திலும் இறங்கிவிடலாகாது. கீழ்க்கண்டவாறு செய்து பார்க்கலாம்.

தோட்டத்தில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுக்கவும்: வாய்க்கால் ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று, மேட்டுப் பக்கம் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துப் பக்கத்து வரிசைகள் இரண்டு. ஒன்றில் புதிய முறை, மற்றதில் வழக்கமான முறை. நீர், உரம், களையெடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. எந்த வரிசைக்கு எது என்பதை நன்றாக இருக்கும் மரங்களைப் பார்த்துத் தீர்மானிக்காமல், காசைச் சுண்டிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். நல்ல வரிசைக்கு மருந்து போட்டுவிட்டு மருந்து நல்லது என்று சொல்லும் தவறு அதனால் நீங்கும்.

குச்சியில் துணி கட்டி அடையாளம் வைக்கவும். ஒரு நோட்டில் தேதி, அளவு, செலவு, மழை பெய்த நாள் ஆகியவற்றை எழுதவும். வாழையில் நோயுற்ற மரங்களை எண்ணி, தாரைத் தராசில் நிறுக்கவும். திராட்சையில் பத்துக் குலைகளை நிறுக்கவும். கண் மதிப்பை நம்ப வேண்டாம். செலவழித்தவர் கண்ணுக்குச் செலவழித்த வரிசை செழிப்பாகவே தெரியும்.

மூன்று இடங்களிலும் புதிய முறை மிஞ்சினால் அடுத்த பருவத்தில் கால் ஏக்கருக்கு விரிக்கலாம். ஓரிடத்தில் மிஞ்சி, மற்ற இரண்டில் மிஞ்சாவிட்டால் அது மண்ணின் வேறுபாடாக இருக்கலாம். கூடுதல் விளைச்சலின் மதிப்பு கூடுதல் செலவைவிடக் குறைவாக இருந்தால், முறை நல்லதானாலும் அந்தத் தோட்டத்துக்கு ஏற்றதல்ல. ஆனால் வாடல் நோய் போன்ற தொற்று வந்துவிட்ட இடத்தில் இத்தகைய சோதனை செய்துகொண்டு காத்திருத்தல் கூடாது. உடனே நிபுணர்களுக்குக் காட்ட வேண்டும்.

யாரிடம் காட்டுவது?

பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும், ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும், காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. வட்டாரத் தோட்டக்கலை, வேளாண்மை அலுவலகங்களையும் அணுகலாம். 2004 முதல் இயங்கிவரும் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். போகும்போது வெறும் கையோடு போகாமல், எந்த ரகம், நட்ட தேதி, போட்ட உரம், அடித்த மருந்து ஆகியவற்றை எழுதிக்கொண்டு போக வேண்டும். வாடல் சந்தேகம் இருந்தால் தண்டின் துண்டைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி எடுத்துச் செல்லவும். மண் வழியில் சிந்தலாகாது. அங்கே கிடைக்கும் பதிலிடமும் இதே ஏழு கேள்விகளைக் கேட்கலாம். அதை யாரும் தவறாகக் கொள்ள மாட்டார்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஜி-9 வாழைக்கு வாடல் வந்தபோது முதலில் அதைக் கண்டவர்கள் இப்பள்ளத்தாக்கின் விவசாயிகளே. 'வராது' என்ற பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாடிய மரத்தை வெட்டிப் பார்ப்பவர் கையில்தான் அடுத்த வரிசையின் பிழைப்பு இருக்கிறது. இந்தப் பருவத்தில் வரும் முதல் யோசனைக்கே இரண்டு வரிசையைச் சும்மா விட்டுப் பார்க்கத் தொடங்கலாம்.